தனிப்பாடல் ஏடுகளும் புலவர் வரலாறும்

தனிப்பாடல்களைப் புலவர் வரலாற்றிற்குச் சான்றாகக் கொள்ளலாமோ என்பது தமிழாய்வில் நெடுநாளாக நிலவும் வினா. முழுதும் மெய்யெனக் கொள்வாரும், கட்டுக்கதையெனத் தள்ளுவாரும் என இரு திறத்தார் உளர். இருசாராரும் பாடலை நோக்கினரேயன்றி, அதனைச் சுமந்துவந்த ஏட்டின் இயல்பை நோக்கினாரல்லர் என்பது எம் கருத்து.

பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பாடல்கள் ஏட்டுத் திரட்டுகளாகவும் வாய்மொழியாகவும் வழங்கின. பாடலுக்கு முன் 'இன்னார் இன்ன பொழுதிற் பாடியது' என ஒரு சிறு குறிப்பு நிற்கும். 'தமிழ் நாவலர் சரிதை' இம்முறையில் அமைந்த தொகுப்பே. நகையும் வசையும் சிலேடையும் நிறைந்த வெண்பாக்கள் அக்குறிப்பின்றிச் சுவை தாரா. ஆதலின் ஏடெழுதினோர் பாடலோடு கதையையும் காத்தனர். பாடல் யாப்பினாற் கட்டுண்டது. குறிப்போ எழுதுவோர்தோறும் விரியவும் மாறவும் இடந்தருவது. ஒரே பாடல் இருவேறு புலவர் பெயரில் வழங்குதற்கு இதுவே காரணம் எனலாம்.

இதனை ஒரு சான்றால் விளக்குவோம். தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டை அடுத்துள்ளது பொன்விளைந்த களத்தூர். அந்தகக்கவி வீரராகவ முதலியாரோடும், தொண்டைமண்டல சதகம் பாடிய படிக்காசுப் புலவரோடும் தொடர்புடையது இவ்வூர். படிக்காசர் சீதக்காதியையும், 1710 வரை ஆண்ட இரகுநாத சேதுபதியையும் பாடியவர். போலிப் புலவரை ஒறுக்கத் தலையிற் குட்டும் பாண்டியனும், செவியை அறுக்கும் வில்லியும், தலையை வெட்டும் ஒட்டக்கூத்தரும் இன்று இலரே என இரங்கும் பாடலொன்று அவர் பெயரில் உள்ளது. ஒட்டக்கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். அவர் தலை வெட்டினார் என்பதற்கு ஐந்து நூற்றாண்டு பிற்பட்ட பாடல் சான்றாகாது. ஆயின், இது படிக்காசர் வாக்கேயெனின், அக்கதை 1700-ஐ ஒட்டிப் புலவர் அவையில் விளக்கமின்றியே விளங்குமளவு பரவியிருந்தது என்பதற்கு உறுதியான சான்றாகும். தனிப்பாடல் தான் பேசும் காலத்திற்கன்று, தான் வழங்கிய காலத்திற்கே சான்று என்க.

அச்சு இந்நிலையை மாற்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் விருப்பப்படி, தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தனிப்பாடற்றிரட்டைத் தொகுத்தார். 1876-இல் வெளிவந்த வீராசாமிச் செட்டியாரின் 'விநோத ரச மஞ்சரி' கதைகளை உரைநடையில் விரித்தது. இவற்றாற் பாடல்கள் அழியாது நின்றன, அது பெரும்பேறு. எனினும் ஏடுதோறும் வேறுபட்ட குறிப்புகளுள் ஒன்றே நிலைபெற்றது. சிலேடைக்கும் அச்சில் ஓர் இழப்பு உண்டு. ஏட்டில் சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். 'வேங்கை' என்பது மரமும் புலியுமாகும். 'வேம் கை' எனப் பிரியின் வேகின்ற கையுமாகும். அச்சிற் பிரித்தெழுதுங்கால் ஒரு பொருள் முந்துற, மற்றையது குறிப்புரையை நாடவேண்டியதாயிற்று.

ஆகவே, பாடவேறுபாடுகளைக் குறிப்பதுபோலவே ஆசிரியர் பெயர் வேறுபாட்டையும் சூழல் வேறுபாட்டையும் ஏடுதோறும் குறிக்கும் பதிப்பே இன்று வேண்டப்படுவது. படிக்காசரின் களத்தூர் தாம்பரத்திற்குத் தெற்கே உளது. 1943-இல் தோன்றிய உ. வே. சாமிநாதையர் நூலகம் வடக்கே பெசன்ட் நகரில் உளது. பழம் அச்சுநூல்களைக் காக்கும் ரோஜா முத்தையா நூலகம் தரமணியில் உளது. இடைநின்ற நம் ஆய்வு மாணவர்க்கு வழி நெடிதன்று. ஏடுகள் மேலும் சிதையுமுன் இப்பணி தொடங்குக.