இருட்டில் யானை நிற்பது தெரியுமா? நைட் விஷன் மோனோகுலரை எப்படிப் பயன்படுத்துவது?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். அதன் அடிவாரத்தில் செண்பகத்தோப்பு, ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் என வரிசையாக மா, தென்னந்தோப்புகள். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் இவற்றை ஒட்டியே இருக்கிறது. தோப்புக்குள் யானை இறங்குவதும், விவசாயிகள் ராத்திரி காவல் இருப்பதும் இங்கே வழக்கம். இப்போது ஆன்லைனில் கிடைக்கும் ஒற்றைக்கண் நைட் விஷன் கருவி இவர்களுக்கு உதவுமா? பார்ப்போம்.

எத்தனை வகை இருக்கு?

1. டியூப் வகை: நிலா, நட்சத்திர வெளிச்சத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். படம் பெரும்பாலும் பச்சையாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஆன் செய்தால் டியூப் பழுதாகலாம்.

2. டிஜிட்டல் வகை: கேமரா சென்சாரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் சேர்ந்தது. விலை குறைவு. 850 நானோமீட்டர் விளக்கு என்றால் முன்பக்கம் லேசாகச் சிவப்பு தெரியும். 940 என்றால் தெரியாது, ஆனால் தூரம் குறையும்.

3. தெர்மல் வகை: வெளிச்சமே வேண்டாம், உடல் சூட்டை வைத்துக் காட்டும். விலை அதிகம். கோவை மதுக்கரையில் ரயில் பாதையில் யானைகளைக் கண்டறிய 2024-ல் தொடங்கிய ஏ.ஐ. திட்டத்திலும் தெர்மல் கேமராக்கள்தான் இருக்கின்றன.

எப்படிப் பார்க்கணும்?

* முதலில் கண்பக்க வளையத்தைத் திருப்பி, திரையைத் தெளிவாக்குங்கள். பிறகு முன் லென்ஸைத் திருப்பி, பார்க்கும் பொருளுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். பகலிலேயே பழகிக்கொள்வது நல்லது. டியூப் வகை என்றால் மாலை இருட்டிய பிறகு பழகுங்கள்.
* ஜூமைக் குறைத்து, தோப்பை மெதுவாக இடம் வலமாகப் பாருங்கள். அசைவு தெரிந்தால் மட்டும் ஜூம்.
* பக்கத்தில் இலையோ செடியோ மறைத்தால் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி, படம் வெளுத்துவிடும். பனி, மழை என்றாலும் இதே கதைதான்.
* கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெர்மலில் வெளியே பார்க்க முடியாது.

கண் மினுங்கலை மட்டும் நம்பாதீங்க!

மான், பூனை இனங்களின் கண்கள் ஒளி பட்டால் பளிச்சென மினுங்கும். காட்டுப்பன்றிக்கு அப்படி மினுங்காது. அதனால் 'கண் தெரியலை, ஒண்ணும் இல்லை' என்று முடிவு செய்யக் கூடாது.

பெரிய ஆபத்து எது?

ஒரு கண்ணால் திரையைப் பார்க்கும்போது தூரம் சரியாகப் பிடிபடாது. பக்கத்தில் நிற்பது தள்ளி நிற்பதாகத் தோன்றலாம். இன்னொன்று, மனிதக் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். திரையைப் பார்த்த கண் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். கருவியை எடுத்ததும் அந்தக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது.

எனவே கருவி வழியாகப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நின்று பாருங்கள். திரையின் பிரகாசத்தைக் குறைத்து வையுங்கள். யானை தெரிந்தால் கிட்டே போகாமல், பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கும் வனத்துறைக்கும் போன் செய்யுங்கள்.

காட்டுக்குள் எடுத்துப் போகலாமா?

கூடாது. சரணாலயப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யானை இருக்கிற இடத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு விலகி நிற்கத்தான் இந்தக் கருவி. தேடிப் போவதற்கு அல்ல!