மென்பொருள் வட்டணியில் தரவு மீட்பு

மென்பொருள் வட்டணி என்பது, தனிக் கட்டுப்பாட்டு அட்டையின் துணையின்றி, கணினியின் இயங்குதளமே பல வன்வட்டுகளைப் பிணைத்து ஒரே வட்டாகக் காட்டும் ஏற்பாடாகும். மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அச்சகங்களும் புகைப்பட நிலையங்களும் வாங்கி வைக்கும் சினாலஜி, கியூநேப் முதலிய சேமிப்புப் பெட்டிகளுள் பெரும்பாலானவற்றின் உள்ளே இயங்குவதும் லினக்ஸின் இம்முறையே.

ஒரு வட்டு அழிந்தால் அதன் உள்ளடக்கத்தை ஏனையவற்றிலிருந்து கணித்துப் பெறலாம் என்ற கருத்துக்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் நார்மன் கென் ஓச்சி 1978இலேயே காப்புரிமை பெற்றிருந்தாராயினும், அதனை ஒரு சாஸ்திரமாக வகுத்துப் பிரசித்தப்படுத்திய பெருமை பெர்க்லி பல்கலைக்கழகத்து டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரையே சாரும். 1988இல் சிகாகோ மாநாட்டில் அவர்கள் சமர்ப்பித்த ஆய்வுரை ஐந்து படிநிலைகளை வகுத்தது. முதலாவதில் ஒரு வட்டு மற்றொன்றின் பிரதிபிம்பமாக நிற்கும். இரண்டாவது, ஹாமிங்கின் பிழைதிருத்தக் குறியீட்டைக் கையாண்டு வழக்கொழிந்தது. மூன்றாவதும் நான்காவதும் பாரிட்டி எனப்படும் சரிபார்ப்புத் துணுக்குகளைத் தனி வட்டொன்றில் திரட்டி வைத்தன. ஐந்தாவது, அவற்றை எல்லா வட்டுகளுக்கும் சுழற்சியாகப் பகிர்ந்தளித்து, பாரம் ஓரிடத்தில் குவிவதைத் தவிர்த்தது. இரு வட்டுகளின் இழப்பைத் தாங்கும் ஆறாவது பின்னர் வந்தது. தரவைத் துண்டுகளாக்கிப் பரப்புவதன்றி எவ்விதக் காப்பும் அளிக்காத பூச்சியப் படிநிலை மூல உரையில் இல்லை; அதனை இவ்வரிசையில் சேர்த்ததே அபசாரம்.

பாரிட்டியின் கணிதம் எளிது. வட்டுகளில் ஒரே ஸ்தானத்திலுள்ள பிட்டுகளின் கூட்டுத்தொகை ஒற்றைப்படையானால் 1, இரட்டைப்படையானால் 0 எழுதப்படும். ஆதலின் ஒன்று மறைந்தால் எஞ்சியவை அதனைக் காட்டிக் கொடுக்கும். இரண்டு மறைந்தால் ஐந்தாம் படிநிலை செயலற்றுப்போம்.

லினக்ஸில் இவ்வணிகளை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் என்ற கருவியை நீல் பிரவுன் 2001இல் எழுதினார். இம்முறையில் ஒவ்வொரு வட்டும் தன் ஜாதகத்தைத் தானே சுமக்கிறது. அணியின் அடையாள எண், வட்டின் வரிசை ஸ்தானம், துண்டின் அளவு, அணியின் நிலை மாறுந்தோறும் கூடும் நிகழ்வு எண்ணிக்கை ஆகியன அடங்கிய அக்குறிப்பு, பழைய 0.90 வடிவில் வட்டின் இறுதியிலும், இன்று வழங்கும் 1.2 வடிவில் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளியும் பதிவாகிறது. அட்டை எரிந்துபோனால் அதே இனத்து அட்டையைத் தேடி லோ யாட் பிளாசாவில் கடை கடையாக அலைய நேரும் வன்பொருள் அணியைவிட மென்பொருள் அணி மேலானது என்பதற்கு இதுவே காரணம். இதன் வட்டுகள் எந்த லினக்ஸ் கணினியிலும் ஒன்றையொன்று இனங்காணும்.

மீட்பில் முதற்காரியம், பழுதுற்ற வட்டுகளை டிடிரெஸ்கியூ என்ற கருவி கொண்டு புதிய வட்டுகளுக்குப் பிரதியெடுத்தல். அடுத்து நிகழ்வு எண்ணிக்கைகளை ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை மிகப் பின்தங்கிய வட்டு முன்னரே விலகியதாதலின் அதனை ஒதுக்கி, ஏனையவற்றைக் கொண்டு அணியைப் பலவந்தமாகக் கூட்டுதல் முறை. அது பலிக்காதவிடத்து அணியைப் புதிதாக உருவாக்கும் கட்டளையை நாடுவோர் உளர். கருவியின் பதிப்புக்குப் பதிப்பு தரவின் தொடக்க ஸ்தானம் மாறியிருப்பதால் அது அவிவேகமே.

2021 டிசம்பரில் ஷா ஆலத்தின் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில், வட்டுகள் யாவும் ஒருங்கே நனைவதால் பாரிட்டி உதவாது. மின்சாரம் பாய்ச்சாமல், தூசியற்ற அறையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே கதி.

பெட்டாலிங் ஜெயா வன்வட்டுத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018இல் அறிவித்தது. வன்வட்டுகளின் இடத்தில் இப்போது பரவிவரும் திடநிலை வட்டுகளில், நீக்கிய தரவின் இடத்தை வட்டே துடைத்துவிடுவதால், மீட்பு மேலும் அரிது.