ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒன்று

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் வேப்பந்தட்டை கடைத்தெருவில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் மஞ்சப்பை. "சார், எட்டாவதுல நான் கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, அரசுப் பள்ளிகளில் பரிமாற்றத் திட்டம் நடந்தது. ஒரு கிராமப் பள்ளியும் ஒரு நகரப் பள்ளியும் சேர்ந்துகொள்ளும். நம் பிள்ளைகள் அங்கே போவார்கள், அவர்கள் இங்கே வருவார்கள். அந்த வருடம் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு செயல்திட்டம் கொடுத்தோம். ஒரு வாரம் வீட்டுக்குள் என்னென்ன வாங்கி வந்தார்கள், வெளியே என்னென்ன எறிந்தார்கள் என்று இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் நோட்டில் எழுத வேண்டும்.

நகரத்துப் பிள்ளைகள் நோட்டில்தான் குப்பை அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய் என்று பார்த்தால் கதை வேறாக இருந்தது. அவர்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு பாட்டில். நம் பிள்ளைகள் வீட்டில் தினம் ஒரு பாக்கெட். அப்போதுதான் அவள் எழுந்து கேட்டாள்: "சார், நாங்க கொஞ்சமாத்தான் வாங்குறோம். குப்பை மட்டும் எங்களுக்கு எப்படி சார் அதிகமாச்சு?"

"கண்ட இடத்தில் போடக்கூடாதும்மா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை. இன்று சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எண்ணெய்க்குப் பாட்டில், கறிக்குத் தூக்குவாளி, மளிகைக்குப் பை, எல்லாம் நம் வீட்டிலிருந்துதான் கடைக்குப் போகும். பருப்பும் மிளகாயும் பழைய பேப்பரில் பொட்டலமாக வரும். கால் ரூபாய்க்குக்கூட அளந்து கொடுப்பார்கள். சில்லறையாக வாங்குவது ஏழைகளுக்குப் பழைய வழக்கம். ஆனால் அதற்குக் குப்பை விழாது.

அந்த வழக்கத்தைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் நமக்குப் பக்கத்தில் கடலூரில் இருந்தார். பெயர் சின்னி கிருஷ்ணன். டப்பாவில் விற்ற பவுடரையும் எப்சம் உப்பையும் ஏழைகள் வாங்கும்படி சின்ன அளவில் அடைத்து விற்றுப் பார்த்தார். அவர் குடும்பத்தினர் கொண்டுவந்ததுதான் வெல்வெட் ஷாம்பு பாக்கெட். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியாகப் பிரிந்து 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். பின்னாளில் அது 50 காசுக்கே கிடைத்தது. பெரிய நிறுவனங்களும் அதே வழியில் வந்தன.

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களை எடுத்துவிட்டு வரும் பெண்ணும் ஷாம்பு போட்டுக் குளித்தாள். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பொருள் எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவுக்கு அதைச் சுற்றும் உறையின் பங்கு கூடுகிறது. அதுவும் பல அடுக்குகள் ஒட்டிய உறை. பழைய சாமான் வாங்குபவர்கூட எடுப்பதில்லை. இதுதான் அவள் கேள்விக்கு முதல் பதில்.

இரண்டாவது பதில் பருவநிலை பற்றியது. 2019இல் உலகம் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களில் 3.4 சதவீதம் பிளாஸ்டிக்கால் வந்தது என்று ஓ.இ.சி.டி. அமைப்பு கணக்கிட்டது. அதில் 90 சதவீதம், எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. அதாவது, பாக்கெட் நம் ஊர்க் கடையில் சரமாகத் தொங்கும் முன்பே பெரும்பங்கு புகை போய்விட்டது. அதற்கப்புறம் நான் பிள்ளைகளிடம் "குப்பைத் தொட்டியில் போடு" என்று சொன்னேன்.

சட்டம் வராமல் இல்லை. 2016 மத்திய விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு வருடத்தில் நிறுத்தச் சொன்னன. 2018இல் அந்த வாசகத்தைத் திருத்தினார்கள். எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ, வேறு பயன்பாடு இருந்தாலோ நிறுத்த வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. நல்லதுதான். மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலமும் உண்டே.

ஆனால் பையை மடித்துப் பீரோவில் வைத்தால் பயன் இல்லை. சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறையாவது பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்கிறது 2018இல் வந்த டென்மார்க் அரசு ஆய்வு. பருத்தி விளையும் மண் நம்முடையது, பருத்தி ஆராய்ச்சி நிலையமே நம் ஊரில் இருக்கிறது. ஒரு பைக்குப் பின்னால் எத்தனை உழைப்பு என்று நமக்குத் தெரியாதா? என் அம்மா கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக் கிழியும்வரை கடைக்குக் கொண்டுபோவார். கிழிந்த பிறகு அது அடுப்படியில் கரித்துணி.

கடைசியாக ஒன்று. சிக் ஷாம்பு வளர்ந்ததற்கு ஒரு காரணம், ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்ற திட்டம். எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட்டானாலும் முதலில் வாங்கிக்கொண்டார்கள். வியாபாரத்துக்காகத்தான் செய்தார்கள். ஆனாலும், விற்றவர் நினைத்தால் காலி உறை கடைக்குத் திரும்பி வரும் என்பதற்கு நம் ஊர்க் கடைகளே சாட்சி.

அம்மா, உன் கேள்வி சரியான கேள்வி. நீ கொஞ்சமாகத்தான் வாங்கினாய். அந்தக் குப்பையை உன் தலையில் மட்டும் கட்டியது என் தவறு. உன் பிள்ளை பள்ளிக்குப் போய் இதையே கேட்டால், அங்கே இருக்கும் ஆசிரியர் அவனை உட்கார வைக்காமல் இருக்கட்டும்.