ஜூபோ: ஒரு றப்பர் வளையத்தின் வரலாறு

மிலான் நகரின் ஜான் வீதியில் 15ஆம் இலக்கக் கட்டிடத்தில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. சிரோனி, மொராண்டி, டி கிரிக்கோ, ஃபொன்டானா முதலிய இருபதாம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர்களின் படைப்புகள் சுவர் கொள்ளாமல் நிறைந்திருக்கும் அந்த வீடு 2003ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கு வாழ்ந்த அந்தோனியோ பொஸ்கி (1896 - 1988) ஓவியர் அல்லர். பிரெல்லி நிறுவனத்தின் பொறியியலாளர். மனைவி மரியேடா டி ஸ்டெஃபானோவுடன் சேர்ந்து திரட்டிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளை அவர் மிலான் மாநகருக்கே அன்பளிப்புச் செய்தார். கலையுலகம் அவரை இதற்காக அறியும். பழைய கார்களைத் திருத்துவோரோ அவரை அறியாமலே அவரது பெயரை உச்சரித்து வருகின்றனர். 'ஜூந்தோ பொஸ்கி', அதாவது பொஸ்கியின் இணைப்பு என்பது சுருங்கி 'ஜூபோ' ஆயிற்று. அமெரிக்கக் கராஜ்களில் எழுத்து இடம்மாறி அதுவே 'குவிபோ' ஆனது. அச்சுப்பிழையால் பெயர்கள் மறுபிறவி எடுப்பது பத்திரிகைக்காரர்களுக்குப் புதிதல்ல.

கியர் பெட்டியிலிருந்து பின்சில்லுகளுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டு நேர்கோட்டில் நிற்பதில்லை. எஞ்சின் அதன் இருக்கையில் ஆடுகிறது. பின்னச்சு மேடுபள்ளங்களில் ஏறி இறங்குகிறது. ஆகவே சுழன்றுகொண்டே வளையவும் கூடிய ஒரு மூட்டு வேண்டும். ஐரோப்பாவில் இம்மூட்டுக்கு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயர் ஒட்டிக்கொண்டது. எனினும் சுழற்சியைக் கடத்தும் கருவியாக அதனை 1676இல் நூலில் விபரித்தவர் இங்கிலாந்தின் றொபேட் ஹூக். சூரியனை நோக்கும் கருவிக்காகவே அவருக்கு அது தேவைப்பட்டது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் மோட்டார் காருக்கான மூட்டுக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே, சங்கிலி மூலம் சில்லைச் சுழற்றும் முறை படிப்படியாக மறைந்தது.

ஹூக்கின் மூட்டில் ஒரு குறை உண்டு. தண்டு வளைந்த நிலையில் சுழலும்போது மறுமுனையின் வேகம் சீராக இராது. ஒரு சுற்றில் இருமுறை கூடிக் குறையும். கோணம் 10 பாகையாயின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1.5 வீதம், 20 பாகையாயின் 6 வீதத்தை எட்டும். அத்துடன் இரும்பு இரும்புடன் இணைவதால் அதிர்வு முழுவதும் உடலுக்கு வருகிறது. கிறீஸ் இடத் தவறினால் தேய்ந்துபோகிறது. இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனம் துணி அடுக்குகளாலான தட்டு ஒன்றை இடையில் வைத்து இதற்கு விடை தேடியது. ஜேர்மன் மெக்கானிக்குகள் இன்றும் றப்பர் இணைப்பை 'ஹார்டித் தட்டு' என்றே சொல்வர். 1922இல் வெளிவந்த 'பேபி ஒஸ்ரின்' காரின் தண்டிலும் அத்தகைய துணித்தட்டு இருந்தது.

பிந்திய றப்பர் வளையமே உண்மையில் நுட்பமானது. ஆறு உலோகத் துண்டுகள், அவற்றுக்கிடையே ஆறு றப்பர்க் கட்டிகள். மூன்று துண்டுகள் ஒரு பக்கத் தண்டுக்கும் மற்றைய மூன்றும் மறுபக்கத்துக்கும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பூட்டப்படும். கார் முன்னே பாயும்போது மூன்று கட்டிகள் நசுங்கும். மற்றைய மூன்றும் இழுபட முயலும். அழுத்தத்தை றப்பர் தாங்கும்; இழுவிசையிலோ அது உலோகத்தை விட்டுப் பிரியும். எனவே வளையத்தை முன்கூட்டியே நசுக்கிப் பூட்டுகிறார்கள். அப்போது இழுபடும் கட்டியும் உண்மையில் இழுபடுவதில்லை. அதன் நசுக்கம் குறைகிறது, அவ்வளவே.

லெஸ்டர் நகரின் மெட்டலாஸ்டிக் நிறுவனத்தார் 'றோட்டோஃபிளெக்ஸ்' என்ற பெயரில் செய்தது இதனையே. 1962இன் லோட்டஸ் எலானில் நான்கு வளையங்கள். 1963இன் ஹில்மன் இம்ப்பில் இரண்டு. எலானில் கிளச்சைச் சடுதியாக விட்டால் வளையங்கள் முறுகி அவிழ, கார் கங்காருவைப்போல் துள்ளும். 1972இன் அல்ஃபா றோமியோ அல்ஃபெட்டாவில் கியர் பெட்டியைப் பின்னே கொண்டுபோனதால் தண்டு எஞ்சினின் முழு வேகத்திலேயே சுழன்றது. அதிலிருந்த மூன்று வளையங்களின் தேய்வு உரிமையாளர்களுக்குத் தீராத தலையிடியானது.

இனிப் பொருத்தும் முறை. புதிய வளையத்தைச் சுற்றி ஒரு தகட்டுப் பட்டி இறுக்கப்பட்டிருக்கும். பொதியின் ஒரு பகுதியென எண்ணி அதனை முதலிலேயே வெட்டிவிடுவோர் உளர். வெட்டியதும் வளையம் விரியும். துளைகள் போல்ட்டுகளுக்கு நேரே வரமாட்டா. நெம்புகோலால் நெம்பி அதனை உள்ளே தள்ளுவது றப்பருக்கு முதல் காயம். பட்டியுடனேயே ஆறு போல்ட்டுகளையும் பூட்டி, குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கிய பின்னரே அதனை அகற்றவேண்டும். இறுக்கும்போது போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டையே திருப்பவேண்டும். மாறிச் செய்தால் உள்ளிருக்கும் உலோகக்குழல் முறுகி றப்பரையும் முறுக்கிவிடும். நூல் இழை பொதிந்த பிற்கால பி.எம்.டபிள்யூ. தட்டுகளில் அம்புக்குறிகள் உண்டு. அவை தண்டின் கரங்களை நோக்கி அமையவேண்டும். கழற்றிய வளையத்தை மீண்டும் பூட்ட நேர்ந்தால் பெரிய குழாய்ப் பட்டி ஒன்றால் அதனை முதலில் நசுக்குவது அவசியம்.

இவ்வளவு கவனம் ஏன்? ஓட்டத்தில் வளையம் அறுந்தால் ஒரு முனை அவிழ்ந்த தண்டு சாட்டைபோல் வீசும். அருகிலுள்ள பிறேக் குழாயும் அடித்தட்டும் அதற்குத் தப்பா.

இத்தகைய வளையங்களுக்கு இயற்கை றப்பரே பெரிதும் பயன்பட்டது. இழுபடும்போது தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு கிழிவைத் தடுக்கும் குணம் அதற்குண்டு. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளின் நாற்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போன நம்மவர்களை எந்தக் காரின் கைநூலும் குறிப்பிடவில்லை.

ஆனால் எண்ணெய், வெப்பம், காற்றிலுள்ள ஓசோன் ஆகிய மூன்றும் அந்த றப்பரின் எதிரிகள். முப்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த 'அசல்' உதிரிப்பாகத்துக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பது இதனால்தான் எனக்கு விளங்குவதில்லை. பாவிக்காவிட்டாலும் றப்பருக்கு வயது ஏறுகிறது. மலிவான நகல்களோ விரைவிலேயே பிளக்கின்றன. எலான் உரிமையாளர் பலர் வளையங்களைக் கைவிட்டு, உருண்டைகள் கொண்ட சீர்வேக மூட்டுகளுக்கு மாறிவிட்டனர். தொழிற்சாலை செய்தவாறே கார் இருக்கவேண்டும் என்போர் இதனை ஏற்கமாட்டார்கள். அவ்வாறு வைத்திருப்போர், சேவிஸ் தோறும் காரை உயர்த்தி, கைவிளக்குடன் ஒவ்வொரு போல்ட்டின் ஓரத்திலும் வெடிப்பு உண்டா என்று பார்த்தே ஆகவேண்டும். தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால், நேராக நிற்கையில் மூடியிருக்கும் வெடிப்பும் வாய் திறக்கும்.