இலக்கமுறைக் கையொப்பம்: மேசைக் கணினித் தரவுத்தளங்களில்

தரவுத்தளக் கோப்பு ஒன்றில் உள்ள நிரலை எழுதியவர் இன்னார் என்பதையும், அவர் ஒப்பமிட்ட பிறகு அதில் எவரும் கைவைக்கவில்லை என்பதையும் காட்டும் மறைக்குறியீட்டு அடையாளம். கொழும்பில் இது பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட் அக்சஸ் கோப்புகளை ஒட்டியே பேசப்படுகிறது. வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைப் பக்கத்து வியாபாரங்களிலும் பில் போடவும் இருப்புப் பார்க்கவும் தெரிந்த பெடியனைக் கொண்டு எழுதுவித்த செயலிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. பாடசாலைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்திலும் தரவுத்தளத்தை மாணவர் முதலில் அறிவது பெரும்பாலும் அக்சஸ் வழியாகத்தான்.

இதற்கு அடிப்படையான பொதுச்சாவி முறையை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டனர். அதன்படி ஒப்பமிட வழிசெய்த ஆர்எஸ்ஏ முறை 1977இல் வந்தது. அக்சஸின் முதற்பதிப்பு 1992இல் வெளியானது.

1999 மார்ச்சில் மெலிசா என்ற மெக்ரோ (கோப்புக்குள்ளேயே இயங்கும் சிறு நிரல்) நச்சுநிரல் வேர்ட் கோப்புகளில் ஏறி மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டில் வந்த ஒஃபிஸ் 2000, வேர்ட், எக்செல் கோப்புகளின் நிரலுக்குக் கையொப்பமிடும் வசதியைத் தந்தது. அக்சஸுக்கு அது 2003 பதிப்பிலேயே கிடைத்தது. அந்தப் பதிப்பை நிறுவிய கடைக்காரர் பலருக்கு முதலில் கண்ணிற் பட்டது புதிய வசதியன்று, ஓர் எச்சரிக்கைப் பெட்டி. கோப்பில் ஒரு வரி நிரல்கூட இல்லாவிட்டாலும், திறக்கும்போதெல்லாம் இது பாதுகாப்பற்றதாக இருக்கலாம் என்று அது எச்சரிக்கும். காலையில் கடை திறந்ததும் ஒருமுறை, மின்சாரம் போய் வந்தால் இன்னொருமுறை என்று அதை அழுத்தி அழுத்தி, வாசிக்காமலே 'திற' என்பதை அழுத்தும் பழக்கம் வந்துவிட்டது.

இந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தான் கையொப்பம் பலருக்கு அறிமுகமானது. ஒஃபிஸோடு வரும் செல்ஃப்சேர்ட் என்ற சிறு நிரலைத் திறந்தால், ஒரு பெயரைக் கேட்கும் ஒற்றைப் பெட்டி மட்டும் தோன்றும். பெயரை அடித்துச் 'சரி' என்றால், ஒப்பமிடத் தேவையான சான்றிதழ் தயார். காசும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஆனால் எவரும் எந்தப் பெயரையும் அடிக்கலாம் என்பதால் அது உருவான கணினியில் மட்டுமே மதிக்கப்படும். கிளைக் கடையின் கணினியிலும் ஏற்கப்பட வேண்டுமானால், அந்தச் சான்றிதழை அங்கேயும் கொண்டுபோய் 'நம்பகமான மூலச் சான்றிதழ்கள்' பட்டியலில் கையால் சேர்க்க வேண்டும். கணினிகள் தாமாக ஏற்கும் சான்றிதழ் வேண்டுவோர், வெரிசைன் போன்ற நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் டொலரிற் பணம் கட்ட வேண்டியிருந்தது. பணம் கட்டிப் பெறும் நம்பிக்கையிலும் ஓட்டை உண்டு. 2001 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் ஊழியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கு, அந்நிறுவனத்தின் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வெரிசைன் வழங்கிவிட்டது.

கையொப்பம் எதையெல்லாம் காக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. நிரற்கூறுகள், மெக்ரோக்கள், தரவை மாற்றும் வினவல்கள் ஆகியன அதற்குள் அடங்கும். அட்டவணையில் உள்ள தரவு அடங்காது. ஆகவே நாள் முழுக்க விற்பனையைப் பதிந்தாலும் ஒப்பம் குலையாது. நிரலில் ஒரு வரியைத் திருத்தினால் குலைந்துவிடும். கணக்கேட்டை அன்றாடம் எழுத விட்டு, அதன் கட்டமைப்புக்கு மட்டும் முத்திரை வைத்த இந்த ஏற்பாடு மிக அழகானது.

தமிழில் எழுதுவோருக்குத் தனிச் சிக்கல் ஒன்றும் இருந்தது. அக்சஸ் 2000 முதல் அட்டவணைகள் யூனிகோடை ஏற்றாலும், நிரல் எழுதும் சாளரம் ஏற்கவில்லை. அங்கே யூனிகோட் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகளே வரிசையாக நிற்கும். இதனால் பாமினி எழுத்துருவில் அடித்த சொற்கள், ஆங்கில எழுத்துகளின் வடிவில், நிரலுக்குள் நெடுங்காலம் நின்றன. பின்னாளில் அவற்றை யூனிகோடுக்கு மாற்ற முனைந்தோர், மாற்றிய கோப்புக்குப் புதிதாக ஒப்பமிட வேண்டியதாயிற்று.

அக்சஸ் 2007 புதிய கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தபோது, நிரலுக்கு நேரே ஒப்பமிடும் வழியை அதிலிருந்து எடுத்துவிட்டது. பதிலாகக் கோப்பைப் பொதியாகக் கட்டி, அந்தப் பொதிக்கு ஒப்பமிட வேண்டும். பொதியைப் பிரித்துக் கோப்பை வெளியே எடுத்ததும் ஒப்பத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். கூடவே வந்த 'நம்பகமான இடம்' என்ற வசதியில், குறித்த கோப்புறையில் வைத்த எதுவும் கேள்வியின்றித் திறக்கும். இது பாதுகாப்பைக் கூட்டியதா, குறைத்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சிறு கடைகளுக்கு இதுவே போதும் என்பது ஒரு பக்கம். அந்தக் கோப்புறையில் பென் ட்ரைவ் வழியே விழுவதும் நம்பகமானதாகிவிடும் என்பது மறுபக்கம்.

சட்டத் துறையில், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்துக்கு இலங்கையில் ஏற்பு அளித்தது. நடைமுறைக்கு வந்தது 2007 ஒக்டோபர் 1இல். இறுதி விருப்பாவணம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை ஆகியவற்றை அது விலக்கியது. 2017இன் 25ஆம் இலக்கச் சட்டம் அதனைத் திருத்தியது. செல்ஃப்சேர்ட்டில் உண்டான சான்றிதழ் இச்சட்டத்தின் கீழ் எவ்வளவு எடைபெறும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது எனலாம். நிரலுக்கு இடும் ஒப்பமும் ஆவணத்துக்கு இடும் ஒப்பமும் ஒன்றல்ல என்பாரும் உளர். உள்நாட்டில் லங்காகிளியர் நிறுவனம் 2009இல் லங்காசைன் என்ற பெயரில் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. 2006இல் காசோலைகளைத் தாளாக அனுப்புவதை விட்டு அவற்றின் படிமங்களைப் பரிமாறும் முறையைத் தொடங்கியதும் இந்நிறுவனமே.

2022 முதல், இணையத்தில் இருந்து வந்த கோப்புகளின் மெக்ரோக்களை ஒஃபிஸ் இயல்பாகவே தடுக்கிறது. புதிய கோப்பு வடிவத்தின் நிரலுக்கு நேரே ஒப்பமிடும் வசதி அண்மைப் பதிப்புகளில் திரும்பியுள்ளது. சான்றிதழ் நிறுவனங்கள் வழங்கும் நிரல் ஒப்பச் சான்றிதழ்களில் ஒப்பமிடப் பயன்படும் தனிச்சாவி, 2023 ஜூன் 1 முதல் பாதுகாப்பான வன்பொருளில் இருக்க வேண்டும்.