துருக்கியின் பத்து லிரா நோட்டில் ஒரு கணிதப் பேராசிரியர்

துருக்கியில் 2009-ல் வெளியிடப்பட்ட 10 லிரா நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணிதப் பேராசிரியரின் படமும், அவர் கண்டுபிடித்த ஒரு சூத்திரமும் அச்சிடப்பட்டுள்ளன. அவர் பெயர் ஜாஹித் அர்ஃப். ஓர் ஆசிரியருக்கு ஒரு நாடு இப்படியொரு இடம் தந்தது ஏன் என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

பிறப்பும் கல்வியும்

1910 அக்டோபரில், உஸ்மானியப் பேரரசில் இருந்த சலோனிகா நகரில் ஜாஹித் பிறந்தார். இன்று அந்நகரம் கிரேக்க நாட்டில் உள்ளது. 1912-ல் பால்கன் போர் மூண்டதும் குடும்பம் இஸ்தான்புல்லுக்கு இடம்பெயர்ந்தது; பின்னர் இஸ்மிரில் குடியேறியது. அங்கே பள்ளியில் ஓர் இளம் ஆசிரியர் இவரது திறமையைக் கண்டுகொண்டார். யூக்ளிடின் வடிவியல் தேற்றங்களை மனப்பாடம் செய்ய வைக்காமல், தானே நிறுவிப் பார்க்கத் தூண்டினார். ஜாஹிதின் வாழ்க்கை திசை திரும்பியது அங்கேதான்.

அப்போது பிரெஞ்சு நாணயமான ஃபிராங்கின் மதிப்பு சரிந்திருந்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தித் தந்தை மகனைப் பாரிஸில் உள்ள செயின்ட் லூயி பள்ளிக்கு அனுப்பினார். மூன்றாண்டுப் படிப்பை ஜாஹித் இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பிறகு பாரிஸின் புகழ்பெற்ற எகோல் நார்மால் சுப்பீரியர் கல்வி நிலையத்தில் பயின்று 1932-ல் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பி இஸ்தான்புல்லின் கலாத்தாசராய் பள்ளியில் ஆசிரியரானார். 1933-ல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஹிட்லரின் ஆட்சியால் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அறிஞர்கள் பலருக்கு அந்தப் பல்கலைக்கழகம் பணி வழங்கிய காலம் அது. 1937-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்று, பேராசிரியர் ஹெல்முட் ஹாஸேயிடம் ஆய்வு செய்து 1938-ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வின் பலன்தான் இன்று 'ஹாஸே-அர்ஃப் தேற்றம்' என்று அழைக்கப்படுகிறது.

நோட்டில் உள்ள சூத்திரம்

இருபடிக் கோவைகள் இரண்டு பார்வைக்கு வேறாக இருக்கும். மாறிகளை மாற்றி எழுதினால் ஒன்று மற்றொன்றாகிவிடக் கூடும். இரண்டும் உண்மையில் ஒன்றா, வேறா என்று அறிவது எப்படி? 1937-ல் எர்ன்ஸ்ட் விட் என்ற ஜெர்மானியர் இக்கேள்வியை ஆராய்ந்தார். ஆனால் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யமாகும் எண் அமைப்புகளுக்கு அவர் வழி பொருந்தவில்லை. அங்கே இரண்டால் வகுக்க முடியாது.

எஞ்சிய அந்தப் பகுதியைத்தான் அர்ஃப் எடுத்துக்கொண்டார். 1941-ல் வெளியான கட்டுரையில் அவர் தந்த அளவே 'அர்ஃப் மாறிலி'. 0, 1 என்ற இரண்டே எண்கள் உள்ள அமைப்பில் இதை எளிதாக விளக்கலாம். மாறிகளுக்கு இயன்ற மதிப்புகள் அனைத்தையும் இட்டுப் பார்த்தால், விடையாக 0 அதிகம் வருகிறதா, 1 அதிகம் வருகிறதா? அதிகம் வருவதே அர்ஃப் மாறிலி. தேர்தலில் பெரும்பான்மை பார்ப்பது போன்றது இது. பிற்காலத்தில் முடிச்சுகளையும், உயர் பரிமாண வடிவங்களையும் ஆராய்வோருக்கு இந்தச் சிறிய அளவு பெரிதும் உதவியது.

ஆசிரியப் பணி

1943-ல் பேராசிரியரான அர்ஃப், 1962 வரை இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். நாட்டின் கிழக்கே உள்ள எர்சுரூம் நகரில் 1958-59 கல்வியாண்டில் பொதுமக்களுக்காக நடந்த சொற்பொழிவு வரிசையில் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா, எப்படிச் சிந்திக்கும்?' என்பது. செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நாம் கேட்கும் கேள்வியை அன்றே ஒரு தொலைதூர நகரத்து மக்கள் முன் வைத்தார்.

1963-ல் துருக்கியின் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வு மன்றமான 'துபிதாக்' தொடங்கப்பட்டபோது அதன் அறிவியல் குழுவுக்கு முதல் தலைவரானார். 1964 முதல் 1966 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையத்தில் இருந்தார். அங்கிருந்தும் தாயகம் திரும்பி, 1967-ல் அங்காராவின் மத்தியக் கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1980-ல் ஓய்வு பெறும்வரை கற்பித்தார்.

அங்காராவில் அவருக்குப் பக்கத்து அறையில் ஓராண்டு தங்கியிருந்தவர் இளம் கணிதர் ராபர்ட் லாங்லண்ட்ஸ். அவர் ஈடுபட்டிருந்த ஒரு சிக்கலுக்கு உதவக்கூடிய ஹாஸேயின் கட்டுரை ஒன்றை அர்ஃப் அவருக்குச் சுட்டிக் காட்டினார். லாங்லண்ட்ஸ் 2018-ல் ஏபெல் பரிசு பெற்றார்.

1997 டிசம்பர் 26 அன்று இஸ்தான்புல்லில் ஜாஹித் அர்ஃப் காலமானார்.

பாரிஸ், கோட்டிங்கன், பிரின்ஸ்டன் என வெளிநாடு சென்றவர், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து வகுப்பறையில் நின்றார். படிக்கவும் பிழைக்கவும் நம் பிள்ளைகள் கடல் கடந்து போகும் காலம் இது. போனவர்கள் கற்றதைப் பின்னால் வருவோருக்குக் கொடுக்க ஊரில் ஓர் இடம் வேண்டும். அத்தகைய இடங்களை உருவாக்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு. இஸ்மிரின் அந்த இளம் ஆசிரியரைப் போன்றவர்கள் நம் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் போற்றுவதிலிருந்து நாம் தொடங்கலாம்.