பாதி மூட்டும் கம்ப்யூட்டரும்

முழங்காலில் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், முழு மூட்டையும் எதற்கு மாற்ற வேண்டும்? 1974ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் குட்ஃபெல்லோ என்ற எலும்பு சர்ஜனும், ஓ'கானர் என்ற இன்ஜினியரும் சேர்ந்து, நடுவில் நகரும் பிளாஸ்டிக் வில்லை வைத்த மூட்டு ஒன்றை வடிவமைத்தார்கள். 1982 முதல் அதைத் தேய்ந்த உள்பக்கத்துக்கு மட்டும் பொருத்த ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் கை தட்டவில்லை. அமெரிக்காவில் இன்சால் போன்ற பெரிய சர்ஜன்கள் அந்தக் காலத்துப் பாதி மூட்டுகளின் முடிவு மோசம் என்று எழுத, பலர் முழு மூட்டுக்கே போய்விட்டார்கள்.

இதையெல்லாம் நான் படிக்கக் காரணம் என் அக்காவின் போன். "டேய், அம்மாவுக்குப் பாதி மூட்டு போதும்கறார் டாக்டர். கம்ப்யூட்டர் வச்சு செஞ்சா தனி சார்ஜாம். என்னடா சொல்ல?" மும்பையில் உட்கார்ந்திருக்கும் பி.காம். படித்த பேங்க்காரனுக்கு என்ன தெரியும்? கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கத் தெரியும் :-)

வழக்கமான முறையில் சர்ஜன், எலும்பில் அளவுச் சட்டங்களை வைத்து வெட்டும் கோணத்தைத் தீர்மானிக்கிறார். நேவிகேஷன் என்பது எலும்பில் அடையாளக் கருவிகளைப் பொருத்தி, கேமரா மூலம் கோணத்தைத் திரையில் காட்டுவது. 1997ல் பிரான்சின் கிரெனோபிளில் முழு மூட்டுக்கு முதலில் செய்தார்கள். பிறகு பாதி மூட்டுக்கும் வந்தது. அடுத்த படி ரோபோ. 2006ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 27 பேரின் 28 மூட்டுகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ரோபோ உதவியோடு செய்த எல்லா மூட்டுகளும் திட்டமிட்ட கோணத்துக்கு 2 டிகிரிக்குள் அமைந்தன. வழக்கமான முறையில் 40 சதவீதம்தான்!

சரி, கோணம் துல்லியம். கால் வலி குறைந்ததா, மாடி ஏற முடிந்ததா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. நேவிகேஷனில் கோணம் தவறுவது குறைகிறது, ஆபரேஷன் நேரம் கூடுகிறது. ஆனால் சில வருடம் கழித்து நடப்பதில் பெரிய வித்தியாசம் இருப்பதாக உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

1975லிருந்தே மூட்டு ஆபரேஷன்களுக்குப் பதிவேடு வைத்திருக்கும் ஸ்வீடன் இன்னொன்றைச் சொன்னது. 2001ல் வந்த அவர்கள் ஆய்வின்படி, பாதி மூட்டை எப்போதாவது செய்யும் மருத்துவமனைகளில் மறு ஆபரேஷன் அதிகம். கை பழகுவதுதான் விஷயம்.

நம் ஊரில் இன்னொன்றும் கவனியுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது மூட்டுக் கருவியின் விலைக்கு. கம்ப்யூட்டர் கட்டணம் அதில் வராது.

ஆகவே, ஊரில் அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் போனிலேயே மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தேய்மானம் ஒரு பக்கம் மட்டும்தானா? இந்த டாக்டர் வருஷத்துக்கு எத்தனை பாதி மூட்டு செய்கிறார்? பில்லில் கருவிக்கு எவ்வளவு, கம்ப்யூட்டருக்கு எவ்வளவு? இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் வந்தால், மூன்றாவதைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம்.